சித்தப்பா வந்துட்டார்

மார்ச் 3

அன்புள்ள கண்டக்டருக்கு,

போன் போட்டிருக்கலாம். போட்டால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், நானும் கேட்க வந்ததை மறந்து சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

விமானப் பயிற்சிப் பள்ளி பரவாயில்லை. கதவில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நாற்காலிதான் ஒரு பக்கம் சாய்கிறது. அதில் உட்கார்ந்தால் நாள் முழுக்க இடப்பக்கம் திரும்பிக்கொண்டே பறப்பது போல இருக்கிறது. இங்கே யாருக்கும் நான் சித்தப்பா இல்லை, 'பெரிய சார்'. ஸ்வெட்டர் போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட விறைப்பாக நின்று "எஸ் சார்" என்கிறார்கள். "போட்டுட்டேன் சித்தப்பா, மஃப்ளரும் சுத்திக்கட்டுமா?" என்று உன்னைப் போல வாயாட ஆள் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். நம் விமானிகள் அறையில் பிறந்த வார்த்தைகளெல்லாம் எனக்கு முன்பே இங்கே வந்து குடித்தனம் வைத்துவிட்டன. கன்ட்ரோல் டவர் இங்கேயும் மாமியார்தான். வானிலை சொல்பவர் ஜோசியர். விமானத்தைத் தடாலென்று இறக்கினால் 'முத்திரை குத்திட்டான்'. ஆட்டோ பைலட்டுக்கு நாம் வைத்த 'வீட்டோட மாப்பிள்ளை'யை ஒருவன் எனக்கே விளக்கிச் சொன்னான். "எல்லாம் நல்லா இருக்கிற வரைக்கும் உக்காந்திருப்பாரு சார். காத்து லேசா மூஞ்சியைக் காட்டினா கோச்சுக்கிட்டுக் கிளம்பிடுவாரு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற பிள்ளையை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது.

போன வாரம் ஒரு மாணவன் இறங்குகிற நேரத்தில் பயந்து கன்ட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் அவன் விரல்களைப் பிரித்தெடுத்து இறக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்: "என்னடா, இவனுக்குச் சித்தப்பா வந்துட்டாராமே?"

திரும்பிப் பார்த்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"பயத்துல கை இறுகிப்போயிடும் சார். ஓட்டவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்க. அதுதான் சித்தப்பா வர்றது."

"யாருப்பா அந்தச் சித்தப்பா?"

"தெரியாது சார். யாரோ பழைய ஆளாம்."

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதே.

இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது, கண்டக்டர்? உன்னைச் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி, அதான் உன் அண்ணி, விசாரித்தாள். வருடக்கணக்காக வீட்டுப் பக்கமே வரவில்லையே, என்ன கோபம் என்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா


மார்ச் 15

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்வெட்டர் போட்டேன்.

தலைமைப் பயிற்சியாளர் ஆனதற்கு வாழ்த்துகள். நான் இன்னும் ராட்டினத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சிமுலேட்டர் அறைக்கு இங்கே அதுதான் பெயர். நாள் முழுவதும் புதிய பிள்ளைகளை ஏற்றி, தரையை விட்டு நகராத பெட்டிக்குள் புயலும் மழையும் காட்டி, பத்திரமாக இறக்கிவிடுகிறேன். சாயங்காலம் கதவைப் பூட்டும்போது, இன்றைக்கும் ஓர் அங்குலம்கூடப் பறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். நாற்காலிப் படையில் சேர்ந்துவிட்டேன் என்று நம் மூட்டை கேலி செய்கிறான். சரக்கோடு சரக்காகத் தூங்கி, எடை பார்க்கிறவர்களிடம் மூட்டை என்றே பெயர் வாங்கியவன் என்னைக் கேலி செய்கிறான்!

நீங்கள் கேட்ட வார்த்தை பற்றி என்ன சொல்வது? வார்த்தைகளுக்குக் கால் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? உலகத்தில் சித்தப்பாக்களுக்குப் பஞ்சமா? எவன் வீட்டுச் சித்தப்பா எந்தச் சைக்கிளில் கை இறுகி எந்தக் குட்டையில் விழுந்தாரோ. பையன்கள் விளையாட்டுக்குச் சொல்வதற்கெல்லாம் மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அண்ணியிடம் கோபமெல்லாம் இல்லை என்று சொல்லுங்கள். வேலை. வருகிறேன்.

இப்படிக்கு,
கண்டக்டர்


மார்ச் 24

கண்டக்டர்,

நாலு வருடம் துணை விமானியாக என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். நீ எப்போது மழுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறபோது நீ கேலி பேச மாட்டாய்.

மூட்டையிடம் பேசினேன். ராட்டினத்தில் உன்னிடம் பயிற்சி எடுத்தவர்கள்தான் முதலில் அப்படிப் பேச ஆரம்பித்தார்களாம். அவனுக்கு அர்த்தம் தெரியாது, வெள்ளந்தியாகச் சொன்னான்.

நம் அறையின் ஒரே சட்டத்தை மறந்துவிட்டாயா? தப்புச் செய்தவன் தானே முக்காலியில் ஏற வேண்டும். தன் வாயால் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்த பிறகு ஒரு பெயர் வைப்போம், டீ குடிப்போம், அத்தோடு கதை முடிந்தது. அடுத்தவன் கதையை இன்னொருவன் முக்காலியில் ஏற்றக்கூடாது. நீ தப்பான பட்டனை அழுத்தி, "இறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க" என்று மாமியார் காதிலேயே ரேடியோவில் கத்தினாயே, அது நீதான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறந்தேனா? மறுநாள் நீயாக ஏறிச் சொன்னாய், நீயாகக் கண்டக்டர் ஆனாய்.

அந்த மழை நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியிடம்கூட. பின்னால் காயம்பட்டவர்கள் ஸ்ட்ரெச்சரில், மூட்டை அவர்களோடு. முன்னால் நாம் இருவர்தான். அந்தக் குட்டை ரன்வே மழைக்குள் தெரிந்து தெரிந்து மறைந்தது. என் கை இறுகியது. உன் கை வந்தது. இறக்கினாய். இறங்கிய பிறகு இறக்கைக்குக் கீழே ஒதுங்கி நின்று, "இதை வெளியில விடாதடா" என்று கேட்டேன். "எதை சித்தப்பா? ஒண்ணும் நடக்கலியே" என்றாய். அன்றைக்கு உன்னைக் கும்பிடத் தோன்றியது.

அந்த வாயாலா இதைச் செய்தாய்? என் பயத்துக்கு என் பெயரையே வைத்து, நான் பாடம் நடத்துகிற இடத்துக்கு என்னையே தேடி வரும்படி அனுப்பியிருக்கிறாய். இன்றைக்கு யாரோ பழைய ஆள் என்கிறார்கள். நாளைக்கு ஒருவன் என்னைக் கைகாட்டுவான். வகுப்பில் நிற்கும்போது எவனாவது சிரித்தாலே எனக்குக் காது சுடுகிறது.

என்னைப் போன்ற முட்டாள் யாரும் கிடையாது. உன்னைத் தம்பி என்று நம்பினேன்.

சித்தப்பா


ஏப்ரல் 6

ஐயா,

சரி, கேலியை விட்டுவிடுகிறேன்.

நான் கதையைச் சொல்லவில்லை. வார்த்தையைச் சொன்னேன். ராட்டினத்தில் ஒரு பையனுக்குக் கை இறுகிவிட்டது. முகம் வெளுத்து, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். "சித்தப்பா வந்துட்டார், கையை விடுடா" என்று என் வாயில் தானாக வந்தது. பையன் குழம்பிப்போய்ச் சிரித்தான், கை தளர்ந்தது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யார் அந்தச் சித்தப்பா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். இன்றுவரை சொல்லவில்லை. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. அதுவரை என் தப்புதான்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம்.

நான் கேப்டன் ஆவதற்கான தேர்வுக் குழுவின் முன் போய் நின்றேனே, நினைவிருக்கிறதா? விமானத்தின் பதிவுக் கருவியில், அந்த மழை நாளில் கடைசி நேரத்தில் கன்ட்ரோல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறியது பதிவாகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க கேப்டன்கிட்ட விசாரிச்சோம். இறங்குற நேரத்துல கன்ட்ரோலைப் பிடுங்குற பழக்கம் உங்களுக்கு உண்டாமே? அவசரக்காரப் பையன், நான்தான் பெருசு பண்ணாம விட்டேன்னு சொன்னாரு."

ஐயா, எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரைப் பற்றியோ கேட்கிறார் என்று நினைத்தேன். புரிந்த பிறகு, உங்களுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நடந்ததைச் சொன்னால் அந்த இறக்கத்துக்காக உங்களுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் போகும், உங்கள் பறத்தல் போகும். சொல்லாவிட்டால் என்னுடையது போகும். தலையைக் குனிந்துகொண்டேன். போயிற்று.

அன்று சாயங்காலம் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று வந்தேன். அண்ணி சாப்பாடு போட்டார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த மழை நாளுக்கான பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. "என்னடா காரணம் சொன்னாங்க?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் சொல்லல" என்றேன். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியில் உங்கள் தோள் இறங்கியது. "அடுத்த தடவை கெடைக்கும்டா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அந்த இரண்டாம் சோற்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டுக்கு வருவேன்? என் கோபத்துக்கு அண்ணியிடம் என்ன காரணம் சொல்வேன்?

முக்காலிச் சட்டம் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நான் செய்யாத தப்புக்கு என்னை முக்காலியில் ஏற்றியது யார்?

கண்டக்டர்


மே 2

தம்பி,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்காருவேன், வகுப்புக்கு மணி அடிக்கும், எழுந்துவிடுவேன். மணி அடிக்காத நாளிலும் எழுந்தேன்.

அவர்கள் கேட்ட விதம் உனக்குத் தெரியாது. விசாரணை மாதிரி இல்லை. நடைபாதையில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே, "என்ன, கடைசி நேரத்துல வலப்பக்கம் வேலை செஞ்சிருக்கே?" என்று கேட்டார் தலைவர். பதில் சொல்ல எனக்கு ஒரு மூச்சு அவகாசம்தான் இருந்தது. அந்த மூச்சில் வந்தது அது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. உன் தேர்வில் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

கை இறுகியது என்று சொல்லியிருந்தால் மறுநாளே தரையில் உட்கார வைத்திருப்பார்கள். பறப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும் சொல். ஒரு பல்பு மாட்டத் தெரியாது என்று உன் அண்ணி இன்றைக்கும் திட்டுகிறாள். நீ இளையவன், உனக்கு இன்னொரு வாய்ப்பு வரும், எனக்கு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் சோறு பற்றி எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூசுகிறது.

ஆனால் ஒன்று. நீ அப்போதே என்னைக் கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். உள்ளே வைத்து வளர்த்து, கடைசியில் ஊர் சிரிக்க ஒரு வார்த்தையாக்கினாயே, அதுவும் வலிக்கத்தான் செய்கிறது.

என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்.

சித்தப்பா


மே 11

ஐயா,

ஜூனில் மறுபடியும் தேர்வுக் குழு. அதே தலைவர். வயது வரம்பின்படி எனக்கு இதுதான் கடைசி. இதிலும் போனால் ராட்டினத்திலேயே நரைத்துவிடுவேன்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கை இறுகியது என்றுகூடச் சொல்ல வேண்டாம். மழை, கண் தெரியவில்லை, உடம்பு சரியில்லை, உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரே ஒரு வாக்கியம்: "அன்னைக்கு விமானத்தை இறக்கினது அவன்தான், இறக்கினது சரிதான்."

அதைச் சொன்னால் போதும். அந்த வார்த்தையை இங்கே என்னால் முடிந்தவரை அடக்குகிறேன். வீட்டுக்கும் வருகிறேன். அண்ணி கையால் சாப்பிடுகிறேன். பழையபடி ஆகிவிடலாம் என்று எனக்கும் ஆசை இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கண்டக்டர்


ஜூன் 4

அன்புள்ள கண்டக்டருக்கு,

முடித்துவிட்டேன்!

கடிதமெல்லாம் எழுதாமல் நேரிலேயே போனேன். தலைவரோடு உட்கார்ந்து டீ குடித்துப் பக்குவமாகப் பேசினேன். நல்ல மனிதர். உன்னைப் பற்றி மனதார நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன். அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "நீங்களே இவ்வளவு சொல்றப்போ அப்புறம் என்ன?" என்றார். நீ தைரியமாகப் போ. சட்டைக்கு இஸ்திரி போடு, தலைமுடியை வெட்டிக்கொள், அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். வாய்க்கொழுப்பைக் கொஞ்சம் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

உன் அண்ணியிடம் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். எந்த நாள் என்று கேட்டு நச்சரிக்கிறாள். இவனுக்கு நீங்க சித்தப்பா, நான் அண்ணி, இந்த உறவு முறையே கணக்கில் இடிக்குதே என்று பழைய கேலியை மறுபடி ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் சிரிப்புக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

அந்த வார்த்தையை அடக்குகிறேன் என்று எழுதியிருந்தாய், மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் சித்தப்பா


ஜூன் 27

தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

தேர்வு முடிந்தது. நான் கேப்டன். மூட்டை உங்களுக்கு முன்பே போன் போட்டிருப்பான்.

நீங்கள் சொன்னபடி இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். தலைவர் எழுந்து வந்து கை கொடுத்தார். உட்காருங்கள் என்றார். உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது, அதில் நீங்கள் பொய் சொல்லவில்லை.

"உங்க பழைய கேப்டன் உங்களுக்காகவே அவ்வளவு தூரம் வந்தாரு. நீங்க எவ்வளவோ மாறிட்டீங்களாம். அந்தப் பிடுங்குற பழக்கம் சுத்தமா போயிடுச்சுன்னு அவரே உறுதி சொல்றாரு. போயிடுச்சுதானே?"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஒரு சொல் சொல்லி உள்ளே வந்துவிடு என்பது போல.

முதல் தடவை நீங்கள் பயத்தில் சொன்னீர்கள். அதை நான் புரிந்துகொள்ளத் தயாராக இருந்தேன், ஏறக்குறைய மன்னித்தும் விட்டிருந்தேன். இந்தத் தடவை உங்களுக்கு ஒரு மூச்சு இல்லை, ஒரு மாதம் இருந்தது. ரயிலேறிப் போயிருக்கிறீர்கள். டீ குடித்திருக்கிறீர்கள். நான் என்ன கேட்டேன் என்று எழுதிய கடிதம் உங்கள் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும். இருந்தும், எனக்கு நல்லது செய்தபடியே உங்கள் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அதற்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

"ஆமா சார், போயிடுச்சு" என்றேன்.

ஆமாம், சொன்னேன். அந்த ஸ்ட்ரெச்சர்களில் இருந்தவர்களை உயிரோடு இறக்கியது என் கெட்ட பழக்கம், இப்போது திருந்திவிட்டேன் என்று என் வாயாலேயே சொல்லி விமானத்தை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். கண்ணாடியில் நீங்கள்தான் நின்றீர்கள்.

அண்ணியிடம் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால், இந்த ஒரு முறையாவது நீங்களே பதில் சொல்லுங்கள்.

நேற்று என் வலப்பக்கத்து ஆளைச் சந்தித்தேன். புதிதாக வந்திருக்கும் பெண். சுறுசுறுப்பு, வாய் கொஞ்சம் அதிகம். வேலை விஷயமெல்லாம் பேசி முடித்த பிறகு, "என் கை இறுகுற மாதிரி தெரிஞ்சா யோசிக்காத, பிடுங்கிடு" என்றேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"சரி சார். அப்புறம் அதை வெளியில சொல்லலாமா?"

சொல்லலாம் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகியிருக்கக்கூடாது. எனக்கு ஆயிற்று. சொன்னேன், ஆனால் அதற்குள் அவள் கண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்துவிட்டது.

அந்தத் தாமதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்ததற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.